சிந்தாத செம்பு

சாலை என்ற கடைத்தெருவில் முதலில் சொல்கிற விலை விலையல்ல. அது ஒரு தொண்டைச் செருமல். மல்லி மூட்டைக்கு முதலாளி ஒரு விலை சொல்வார். வந்தவன் அதைக் கேட்டுச் சிரிப்பான். முதலாளி தன் பெண்டாட்டி பிள்ளைகள் பட்டினி கிடப்பதைப் பற்றி இரண்டு வார்த்தை பேசுவார். வந்தவன் எழுந்து செருப்பைத் தேடுவான். செருப்புக்குள் ஒரு கால் நுழையும்போது வியாபாரம் பாதியில் வந்து படியும்.

குற்றாலலிங்கம் இந்தச் சத்தத்தில் தொட்டில் ஆடியவன். மூன்றாவது மகன் என்பதால் அப்பாவின் மல்லிக் கடை மூத்தவர்கள் இரண்டு பேருக்குள் அடங்கிவிட்டது. இவன் ஒரு பழைய மோரிஸ் காரை வாங்கிக் கிழக்கேகோட்டையில் டாக்சி ஓட்டினான். கடை போனதே தவிர பேரம் போகவில்லை. ஜலதோஷம் பிடித்தால் வைத்தியர் சொன்ன மூன்று வேளைக் கஷாயத்தை ஒன்றரை வேளைக்குப் பேசி முடித்துவிட்டு வருவான்.

போன ஆனி மாதம் பழவங்காடிப் பிள்ளையார் கோயில் முன்னால் ஒரு பசு ரோட்டைக் கடக்க நினைத்து, நடுவில் அந்த நினைப்பை மறந்து நின்றுவிட்டது. குற்றாலலிங்கம் பிரேக்கை மிதித்தான். கார் நின்றது. பசு பிழைத்தது. பின் ஸீட்டில் இருந்தால் குமட்டும் என்று முன்னால் உட்கார்ந்திருந்த அவன் மனைவி முத்தாரம்மாளின் முன்பற்கள் இரண்டு டாஷ்போர்டோடு தங்கிவிட்டன.

ஆஸ்பத்திரி பெஞ்சில் வாய்க்குள் துணியை அடக்கிக்கொண்டு அவள் கேட்டாள்: "நீங்க வண்டிய நிப்பாட்டிட்டியோ, சரி. என்னைய யாரு நிப்பாட்டுனா?"

எதைச் சொன்னாலும் பாதிக்குக் கேட்கிறவன் இந்தக் கேள்வியை முழுசாகவே வாங்கிக்கொண்டான். வீட்டுக்குப் போனதும் வேலையில் இறங்கினான். கட்டில் நாடாவை நாலாக மடித்துத் தைத்து, கொக்கி வைத்து, முன் ஸீட்டில் உட்காருகிறவர் இடுப்பைச் சுற்றிப் போட ஒரு வார் செய்தான். டாஷ்போர்டு முழுக்க இலவம்பஞ்சு அடைத்து மெத்தை தைத்தான். பிரேக்கையும் ஒன்றுக்கு இரண்டு தரம் பார்த்து இறுக்கினான். இருக்கிற பற்கள் இருக்கிற இடத்தில் இருக்க வேண்டும். அதில் மட்டும் பேரமில்லை என்று அவன் மனசுக்குள் முடிந்து வைத்திருந்தான்.

திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வருஷ சோதனைக்காக வண்டியை வாகன க்ஷேம இலாகாவுக்குக் கொண்டு போனான்.

இலாகாவின் சோதனைக்கு ஒரு பித்தளைச் செம்பு உண்டு. முன்னொரு காலத்தில் ஏதோ ஒரு பெரிய வீட்டுக் காரணவருக்கு, அதாவது குடும்பத் தலைவருக்கு, மூல வியாதி. கார் குலுங்கினால் ஆகாது. அவருக்கு வண்டி பார்த்துக் கொடுத்த ஆள், செம்பு நிறையத் தண்ணீர் வைத்து ஓட்டி, சிந்துகிறதா என்று பார்த்தானாம். அப்புறம் காரணவர் போனார், மூலம் போயிற்று, ராஜாங்கமே மாறிற்று. செம்பு மட்டும் இலாகாவில் நிரந்தர உத்தியோகத்தில் இருந்தது. வண்டி ஓடிப் பிரேக் போடும்போது ஒரு சொட்டுச் சிந்தாவிட்டால் பிரேக் நல்லது. சிந்தினால் கெட்டது. பிரேக்கே இல்லாத வண்டிகள் வேலியோரப் புல்லில் தானாக ஓய்ந்து நின்று, பாராட்டு வாங்கிக்கொண்டு வெளியே போயின.

இன்ஸ்பெக்டர் ராஜையன் செம்பை மடியில் வைத்துக்கொண்டு முன் ஸீட்டில் அமர்ந்தார். குற்றாலலிங்கம் நாடாவை நீட்டினான்.

"என்னவே இது?"

"இடுப்புல போட்டுக்கிடணும் ஸார்."

"உத்தியோகஸ்தனக் கெட்டியிடப் பாக்கேரா? வண்டிய எடும்."

குற்றாலலிங்கம் வண்டியை எடுத்தான். பலாமரத்தடியில் பிரேக் போட்டான். வண்டி, பலாமரம், ரோடு எல்லாம் நின்றன. ராஜையனும் தண்ணீரும் மட்டும் புறப்பட்டார்கள். தண்ணீர் கஞ்சி போட்ட கால்சட்டைக்குள் போய்ச் சேர்ந்தது. ராஜையன் மெத்தையில் போய் முட்டினார். மெத்தை இருந்ததால் மூக்கு மிஞ்சியது. மிஞ்சிய மூக்கால் மெத்தையை மோந்து பார்த்தார்.

"உள்ள என்ன, அரிசியா?"

அது ரேஷன் காலம். ஆரல்வாய்மொழி எல்லைக்கு அப்பாலிருந்து வருகிற பிள்ளைத்தாய்ச்சிகளின் வயிற்றில்கூடக் கடத்தல் அரிசி இருந்த காலம். கத்தி வந்தது. மெத்தை கிழிந்தது. இலவம்பஞ்சு இலாகா வளாகமெங்கும் பறந்து, வரிசையில் நின்ற டிரைவர்களின் மீசையில் ஒட்டியது. அரிசி ஒரு மணிகூட இல்லை. இல்லாததே சந்தேகத்தை இன்னும் பெரிதாக்கியது.

"பிரேக் மகா முரடு. மனுஷனக் கெட்டியிட ஏற்பாடு. ஒளிக்க எடமிருந்தும் ஒண்ணும் ஒளிக்கல்ல. தோல்வி," என்றார் ராஜையன்.

"ஸார், செம்பு நிறைய வெச்சா எந்த வண்டியானாலும் சிந்தத்தான செய்யும். அரைச் செம்பு வெச்சுப் பாப்பமே."

"செம்பு சர்க்காருக்கு உள்ளது. அதுல பாதிய நான் குறைக்க முடியுமா? தம்பி ஏமானப் போய்ப் பாரும்."

பரமேஸ்வரன் தம்பி என்பவர் இலாகாவின் தலைவர். கார் ஓட்டத் தெரியாதவர். ஓட்டத் தெரிந்தால் ஒரு பக்கம் சாய்வு வந்துவிடும் என்பதற்காகவே கற்றுக்கொள்ளாதவர். குற்றாலலிங்கம் எழுதிக் கொடுத்த மனுவைப் படிக்காமலே பெருமூச்சு விட்டார்.

"எடோ குற்றாலலிங்கம், ஒரு டாக்சிக்காரன் வந்து செம்பு தப்புன்னு சொன்னா அது தப்பாகுமோ? முப்பது வருஷமாயிட்டு அந்தச் செம்பு ஒரு வண்டியையும் இடிச்சதில்லை. இந்த ஆபீஸில அப்படிச் சொல்லிக்க வேற ஆருண்டு? ஆனாலும் இது ஜனநாயக காலம். ஒரு கமிட்டி போடுவோம். சயன்ஸுக்கும் ஒரு நாற்காலி போடுவோம்."

சயன்ஸ் நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர் சாம்பசிவன். கோட்டைக்குள் அக்ரஹாரத்தில் வீடு, காலேஜில் பௌதிக விரிவுரை. பேராசிரியர் பதவிக்கு அவர் பெயர் மேலே போயிருந்தது. அந்த மேலே என்ற இடத்தில் உட்கார்ந்திருந்தவர் தம்பியின் மச்சினர். இது சாம்பசிவனுக்கும் தெரியும், தம்பிக்கும் தெரியும். ஒருவருக்குத் தெரியும் என்பது மற்றவருக்கும் தெரியும்.

கமிட்டி கூடியது. நடுமேசையில் செம்பு. ஒரு பக்கம் தம்பி, இன்னொரு பக்கம் சாம்பசிவன், குறிப்பெடுக்க ராஜையன். குற்றாலலிங்கம் கதவோரம் நின்றான்.

"கேட்டேளா," என்று ஆரம்பித்தார் சாம்பசிவன். முதலில் அவருக்கு நல்ல உற்சாகம் இருந்தது. "நியூட்டன் துரை சொன்னது ரொம்பச் சின்னக் காரியம். இருக்கற வஸ்து, யாராவது தள்ளற வரைக்கும் இருந்த எடத்துலயே இருக்கும். போற வஸ்து, யாராவது தடுக்கற வரைக்கும் போயிண்டேதான் இருக்கும். பிரேக் தடுக்கறது வண்டியை. உள்ள இருக்கற மனுஷனை ஒண்ணும் தடுக்கல. அவன் போயிண்டேதான் இருப்பான். அதுக்குத்தான் இந்த நாடா."

தம்பி கண்ணை மூடி யோசித்தார்.

"முதல் பாதி ரொம்பச் சரி. இருக்கிறது இருந்த இடத்திலே இருக்கும். நான் இருபத்தெட்டு வருஷமாயிட்டு இந்த நாற்காலியில இருக்கேன், எனக்கு ஆரும் சொல்லித் தர வேண்டாம். தள்ளாதெ ஒரு பைல் போகுமோ? போகாது. அனுபவ சத்தியம். ஆனா அடுத்த பாதி இருக்கே, தடுக்காட்டி போய்க்கொண்டே இருக்கும்னு. அப்படிப் போன ஒன்றை என் சர்வீஸில நான் கண்டிட்டில்லை. ராஜையா, நீ கண்டிட்டுண்டோ?"

"இல்ல ஏமானே."

"பார்த்தீங்களா சார்? ரண்டு பேர் சாட்சி."

சாம்பசிவன் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு மெத்தைக்கு வந்தார். "சரி, அதை விடுங்கோ. பழவங்காடியில தேங்காயைக் கல்லுல எறிஞ்சா செதறறது. அதே தேங்காயைப் பஞ்சு மூட்டையில எறிஞ்சா? நிக்கறதுக்குக் கொஞ்சம் அவகாசம் கெடைக்கறது, ஒடையாது. மனுஷன் தலையும் அப்படித்தான்."

"நிக்கட்டே, நிக்கட்டே," என்று தம்பி கையைத் தூக்கினார். "தேங்காய் உடையாதுன்னு ஒரு சர்க்கார் கமிட்டி சொல்லலாமோ? அது தெய்வ காரியம். நேர்ந்துகொண்டவங்க என்ன நினைப்பாங்க? ராஜையா, மெத்தை விஷயம் நம்ம அதிகாரத்துக்குப் புறத்தேன்னு எழுது."

மூன்றாவது விதி வாசல்படியோடு நின்றது. சுவரில் வண்டி இடித்தால் சுவரும் அதே பலத்தோடு வண்டியை இடிக்கும் என்று சாம்பசிவன் சொல்லி முடிக்குமுன், ஊரிலுள்ள சுவர்களெல்லாம் வேறொரு இலாகாவின் சொத்து என்றும், அவர்கள் சுவர் நம் வண்டியை இடித்தது என்று எழுதினால் கடிதப் போக்குவரத்து ஏழு ஜன்மத்துக்கும் தீராது என்றும் தம்பி கவலைப்பட்டார்.

சாம்பசிவன் மறுபடி முதல் விதிக்கே திரும்பினார். இப்போது குரலில் பழைய உற்சாகம் இல்லை. "அதுல அடுத்த பாதிதான் ஸார் முக்கியம்..."

தம்பி கூரையைப் பார்த்தார். "சார் விஷயமா நேத்து மச்சினர் கேட்டார். ஆள் எப்படி, ஒத்துப் போகிற ஆளான்னு. நான் ஒன்றும் சொல்லல்லை."

அறையில் யாரும் பேசவில்லை. ஒரு பக்கம் முழு விதி. இன்னொரு பக்கம் பாதி. குற்றாலலிங்கத்துக்கு இந்த மௌனம் ரொம்பப் பழக்கம். செருப்பில் கால் நுழைகிற நேரத்து மௌனம் இது. இந்த நேரத்தில் நடுவில் ஒருத்தன் வாய் திறக்காவிட்டால் வியாபாரம் முறிந்துவிடும். முறிந்தால் வண்டி நிற்கும். வண்டி நின்றால் அண்ணன் கடையில் மல்லி புடைக்க வேண்டும். அவன் முன்னால் வந்தான்.

"ஏமானே, சாமி, ரெண்டு பேரும் பெரியவங்க. முழுசும் வேண்டாம், ஒண்ணுமில்லாமலும் வேண்டாம். பாதிய வெச்சு முடிங்க. பிரேக்கையும் பாதி எளக்கித் தாரேன்."

பழக்க தோஷத்தில் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கைமேல் விரித்து நீட்டியும் விட்டான். சாலையில் பெரிய மூட்டைகளுக்கு இப்படித்தான். துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள், பக்கத்துக் கடைக்காரனுக்குத் தெரியாது. தம்பியின் பரம்பரைத் தறவாட்டு வீட்டில் ஒரு காலத்தில் குறுமிளகு விற்றிருக்கிறார்கள். உத்தியோகம் மறந்ததைக் கை மறக்கவில்லை. துண்டுக்கடியில் புகுந்து இரண்டு விரலைப் பிடித்தது. நாலில் இரண்டு, பாதி.

"என்னத்த முடிச்சேள் ஓய்?" என்று சாம்பசிவன் மெல்லக் கேட்டார்.

"நியூட்டன சாமி."

சாம்பசிவன் சிரிக்கவில்லை. கையெழுத்துப் போட்டார்.

முடிவு இதுதான்: முதல் விதியின் முற்பாதி ஏற்கப்பட்டது. பிற்பாதி அனுபவம் போதாமையால் நிறுத்திவைக்கப்பட்டது. நாடா நல்ல சாதனம் என்று கமிட்டி பாராட்டியது. ஆனால் மனுஷனைக் கட்டுவது மரியாதையில்லாததால், இனி அது செம்பைக் கட்டப் பயன்படும். நாடாவை ராஜையன் அங்கேயே கழற்றி எடுத்துக்கொண்டார். பிரேக்கைப் பாதி தளர்த்தி மறுசோதனை நடந்தது. செம்பு நாடாவில் சாய்ந்துகொண்டு சௌக்கியமாக வந்தது. வண்டி பலாமரத்தைத் தாண்டி, வேலியையும் விசாரித்துவிட்டு, மெதுவாக நின்றது. ஒரு சொட்டுச் சிந்தவில்லை. பிரேக்கை இனி யாரும் திருகாதிருக்க இலாகா அதற்கு ஈய முத்திரை வைத்தது.

வீட்டுக்கு வந்து சொன்னான். முத்தாரம்மாள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்பம் எனக்க நாடா?" என்றாள்.

"செம்புக்குக் குடுத்தாச்சு. நீ இனிமே பின்னால இரி."

"செம்புக்குப் பல்லு இருக்கோ?"

"வெளையாடாத. சாலையில கேட்டுப் பாரு, பாதியில முடிஞ்சது நஷ்டம்னு எவனாவது சொல்லுவானா?"

உண்மைதான், எவனும் சொல்லவில்லை. ஸ்டாண்டிலுள்ள டிரைவர்கள் அவனைத் தேடி வந்தார்கள். நல்ல பிரேக் வைத்திருந்து தோற்றவர்கள் அவர்கள். "எனக்கும் ஒண்ணு பேசித் தாரும் அண்ணாச்சி," என்று பகவதிப்பெருமாள் என்ற டிரைவர் வந்து கையைப் பிடித்தான். குற்றாலலிங்கம் துண்டோடு இலாகாவுக்குப் போனான். ஒருவனுக்குப் பாதி, ஒருவனுக்குக் கால், ஒரு கல்யாண வண்டிக்கு முக்கால்வாசி தளர்த்தி முடித்தான். கடைத்தெருவில் அண்ணன்மார்கூட, நம்ம தம்பி சர்க்காரிலேயே பேசி முடிக்கிறவன் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். ராத்திரி மட்டும் அவனுக்குத் தூக்கத்தில் வலது கால் தானாக நீண்டு கட்டிலின் கால்மாட்டை மிதித்தது. முத்தாரம்மாள் எழுப்பினால், ஒன்றுமில்லை என்று புரண்டு படுப்பான்.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு சாயங்காலம். ஆயுர்வேத காலேஜ் இறக்கத்தில் வண்டி வந்துகொண்டிருந்தது. பின்னால் முத்தாரம்மாள், முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு. கீழே ஒரு மனிதர் குடையும் புத்தகமுமாக ரோட்டைக் கடந்தார். வண்டியைப் பார்த்தார். டிரைவரை அடையாளம் தெரிந்து குடையை உயர்த்திச் சிரித்தார். குற்றாலலிங்கம் பிரேக்கை மிதித்தான். பாதிதான் கிடைத்தது. அவனுக்கு நிறைய நேரம் இருந்தது. அவர் முகத்தில் சிரிப்பு எப்படி மெல்ல வேறொன்றாக மாறியது என்பதுவரை பார்க்க நேரம் இருந்தது.

சாம்பசிவன்தான். தொடை எலும்பு முறிந்தது.

இலாகா விசாரணை நடத்தியது. தப்பு தன்னுடையது என்று ஒப்புக்கொள்ளத்தான் குற்றாலலிங்கம் போனான். தம்பி அவனைப் பேச விடவில்லை.

"வண்டி சோதனை பாஸான வண்டி. பிரேக் கமிட்டி ஒத்துக்கொண்ட பிரேக். முத்திரையும் உடைஞ்சிட்டில்லை. பின்னெ யாருடைய குற்றம்? இருக்கிற வஸ்து இருந்த இடத்திலே இருக்கும்னு சார் தானே எழுதிக் கையெழுத்திட்டார். அவர் இருந்த இடத்திலே இருந்திருந்தா ஒன்றும் வராது. நடுரோட்டில நடந்தார். தான் கையெழுத்திட்ட விதியைத் தானே மீறினார். ஆனாலும் பண்டிதர், பாவம், நடவடிக்கை வேண்டாம்னு வெச்சிட்டேன்."

வெளியே வந்து குற்றாலலிங்கம் ராஜையனின் காலில் விழாத குறையாகக் கேட்டான். "முத்திரைய எடுத்துத் தாரும் ஸார். பழையபடி முறுக்கிக்கிடுதேன்."

ராஜையன் முதல் தடவையாக மனுஷன் போலப் பேசினார். "நீரு முறுக்கினா இதுவரை தப்பா இருந்ததுன்னு ஆகும். அப்பம் நீரு பேசித் தந்த வண்டியெல்லாம்? அந்த டிரைவர்மாரு உம்ம வீட்டுக்குல்லா வருவானுக. எனக்கும் நாலு பிள்ளைக இருக்குவே. போவும்."

ஆஸ்பத்திரியில் சாம்பசிவனின் காலைத் தூக்கிக் கட்டி, கப்பி வழியாகக் கயிறு விட்டு, எடைக்கல் தொங்கவிட்டிருந்தார்கள். மனைவி அனந்தலக்ஷ்மி முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

"வாரும். இந்தக் கட்டில்ல மட்டும் நியூட்டன் முழுசா இருக்கார், பாத்தேளா," என்றார் சாம்பசிவன். எடைக்கல்லைக் கண்ணால் காட்டினார். "நேத்து பதவி உத்தரவு வந்துடுத்து. பேராசிரியர். எழுந்து நின்னு வாங்கிக்க முடியல."

"நான்லா சாமி பாதின்னு சொல்லி முடிச்சேன்."

"நீர் வியாபாரி ஓய். பாதிக்குக் கேக்கறது ஒம்ம தொழில். குடுத்தது நானாக்கும்."

சாம்பசிவன் கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "எத்தனை வண்டி முடிச்சிருக்கேள்?"

குற்றாலலிங்கம் எழுந்து வந்தான்.

வண்டியை அண்ணனின் மல்லிக் கிடங்கில் தள்ளி நிறுத்தினான். விற்கலாம், வாங்குகிறவன் ஓட்டுவான். அதனால் விற்கவில்லை. கடையில் மல்லி புடைத்தான். வாடிக்கைக்காரர்கள் சொன்ன விலைக்கே தலையாட்டுகிறான் என்று அண்ணன்மார் அவனைக் கல்லாவுக்கு உள்ளே விடாமல் முறத்தோடு நிறுத்தினார்கள்.

கார்த்திகைக்கு அகல் வாங்க வேண்டும் என்று முத்தாரம்மாள் அவனை அழைத்துக்கொண்டு கிழக்கேகோட்டைக்கு வந்தாள். அகல் கடை எதிர்ச்சாரியில் இருந்தது. ரோட்டோரத்தில் நின்றார்கள்.

"வாங்க. அந்த வண்டி தூரத்துலல்லா வருது," என்று அவள் ஒரு கால் எடுத்து வைத்தாள். அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

வந்தது பகவதிப்பெருமாளின் வண்டி. ஓரத்தில் நிற்பவரைக் கண்டதும் பகவதிப்பெருமாள் முகமெல்லாம் மலர்ந்து, ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டான். "நல்லாருக்கியளா அண்ணாச்சி," என்ற குரல் அவர்களைத் தாண்டி, பஸ் நிற்கிற இடத்தையும் தாண்டி, ரொம்ப தூரம் போயிற்று.

"நல்ல பையன். கைய காமிச்சிருந்தா நிப்பாட்டியிருப்பான்," என்றாள் முத்தாரம்மாள்.

அடுத்த வண்டி வந்தது. அது கால்வாசி தளர்த்தின வண்டி. அதற்கடுத்தது கல்யாண வண்டி. பூ சுற்றி, உள்ளே மாப்பிள்ளையும் பெண்ணும் சிரித்துக்கொண்டு வந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் எத்தனை விரல் பிடித்தது என்று அவன் கைக்குத் தெரிந்தது. அவள் மணிக்கட்டை விடவில்லை. பக்கத்தில் நின்றவர்கள் பேசிக்கொண்டே கடந்து போனார்கள். கடை அடைக்கப் போகிறான் என்று அவள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தாள்.

"கை வலிக்கி. இப்பிடியே எத்தன வண்டியத்தான் விடுவியோ?"

"எல்லாத்தையும்," என்றான் குற்றாலலிங்கம்.